எம்.ஜி.ஆர். வீட்டைப் பார்க்க எந்த வீட்டுக்குப் போவது?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு குடும்பம் கலியாணச் சீலை எடுக்கச் சென்னைக்கு மூன்று நாள் போகிறது. 74 வயது அம்மா எம்.ஜி.ஆர். ரசிகை. "அந்த மனுசன்ர மாளிகையைப் பாக்காமல் திரும்ப மாட்டன்" என்று நிற்கிறார். அப்பா சிவாஜி பக்கம். எந்த வீடு, உள்ளே விடுவார்களா, எவ்வளவு நேரம் வேண்டும், என்ன பார்க்கலாம்?

போக வேண்டியது தி.நகரில் ஆற்காடு தெரு, 27ஆம் இலக்கம். பெயர் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம். உள்ளே போகக் காசில்லை. ஆறுதலாகப் பார்க்க ஒன்றரை மணித்தியாலம் போதும். ஆனால் அம்மாவிடம் இப்போதே ஒன்று சொல்லி வையுங்கள்: அது மாளிகை இல்லை. படத்தில் வருகிற மாதிரி வளைந்து இறங்கும் படிக்கட்டும் சரவிளக்கும் எதிர்பார்த்துப் போனால் வாசலிலேயே முகம் சுருங்கும். எம்.ஜி.ஆர். அலுவலகமாகப் பாவித்த வீடு அது. சினிமாக் கணக்கு, அரசியல் சந்திப்பு, உதவி கேட்டு வந்தவர்கள் எல்லாம் அங்கேதான். அவர் குடியிருந்தது இராமாவரம் தோட்டத்தில். இரண்டும் வெவ்வேறு இடங்கள், நோக்கமும் வேறு. இந்தக் குழப்பத்தில்தான் யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்களின் பாதி நாள் வீணாகிறது.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சென்னையில் எம்.ஜி.ஆர். பெயரில் இல்லாத இடம் குறைவு. "எம்.ஜி.ஆர். நினைவிடம்" என்றால் மெரினா கடற்கரையில் அவரை அடக்கம் செய்த இடம். "எம்.ஜி.ஆர். நினைவு இல்லம்" என்றால் தி.நகர் வீடு. ஒரு சொல்தான் வித்தியாசம். ஓட்டோக்காரருக்கு முதலாவதுதான் உடனே நினைவுக்கு வரும், நேரே கடற்கரைக்கு விட்டுவிடுவார். "எம்.ஜி.ஆர். மாளிகை" என்று கேட்டால் இன்னும் மோசம். அது இராயப்பேட்டையில் அ.தி.மு.க. தலைமை அலுவலகம். "எம்.ஜி.ஆர். நகர்" என்றால் கே.கே. நகர்ப் பக்கம் ஒரு குடியிருப்பு. சென்ட்ரல் ரயில் நிலையமும் 2019 முதல் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இதற்கு மேல் ஒரு பொறி. ஆற்காடு தெரு வேறு, ஆற்காடு சாலை வேறு. ஆற்காடு சாலை கோடம்பாக்கத்தில் தொடங்கி வடபழனி தாண்டிப் போரூர் வரைக்கும் நீளும் பெரிய வீதி. வெறுமனே "ஆற்காடு" என்று சொல்லி ஏறினால் வடபழனி நெரிசலில் நிற்பீர்கள். "தி.நகர், ஆற்காட் ஸ்ட்ரீட், எம்.ஜி.ஆர். இல்லம்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். செயலியில் வாகனம் பதிவதாக இருந்தால் வரைபடத்தில் இடக் குறியை நீங்களே ஆற்காடு தெருவில் வையுங்கள், பெயரைத் தட்டி முதலில் வருவதைத் தெரிவு செய்ய வேண்டாம்.

போகும் நாள்: செவ்வாய்க்கிழமையை விட்டுவிடுங்கள், அது வார விடுமுறையாக இருப்பது வழக்கம். மற்ற நாட்களில் காலை 10 மணிக்குப் பிறகு போகலாம். முதல் நாள் நீங்கள் தங்கும் ஹோட்டேல் வரவேற்பறையில் சொல்லி ஒரு தடவை தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பராமரிப்பு வேலைக்காக மூடுவது, மதியம் கதவைச் சாத்துவது எல்லாம் இத்தகைய இடங்களில் நடக்கும். சீலைக் கடைகள் பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் இருப்பதால் உங்களுக்கு இது வசதி. காலையில் முதலில் வீடு, பிறகு கடை. மாறிச் செய்தால் அம்மா சீலைக் கடையில் மூன்று மணித்தியாலம் இருந்து கால் வீங்கி வருவார். ஆறு பைகளோடு ஒரு நினைவு இல்லத்துக்குள் நுழைவதும் வசதியில்லை.

உள்ளே போனால் எல்லாவற்றுக்கும் சம நேரம் கொடுக்க வேண்டாம். படங்கள் ஏராளம், சுவர் முழுக்க. அம்மா ஒவ்வொன்றின் முன்னும் நின்றால் நாள் போய்விடும். நின்று பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது கார். டி.எம்.எக்ஸ். 4777 இலக்க அம்பாசிடர். பழைய ரசிகர்களுக்கு இந்த இலக்கம் வீட்டு முகவரி மாதிரி மனப்பாடம். மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட இந்த வகைத் தகடு 1989க்கு முந்தியது. மாவட்ட எண்ணோடு வருகிற இப்போதைய டி.என். 01 போன்றவை பிறகு வந்தவை. எங்கட ஊரில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகட்டைப் பார்த்து வாகனத்தின் வயதைச் சொல்லுவார்களே, அது போலத்தான். இந்த வண்டியை யாழ்ப்பாணத்தார் பார்க்கும்போது "எங்கேயோ கண்ட முகம்" என்று தோன்றும். காரணம் இருக்கிறது. அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் வரிசை. அந்த மாதிரியை வாங்கி கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் 1957 அளவில் தொடங்கி 2014 வரை செய்து தள்ளியது. கலியாண வீட்டுக்கு மாலை கட்டி வந்து நிற்கும் எங்கட மொறிஸ் ஒக்ஸ்போட்டுக்கு அது கூடப் பிறந்தது. உருண்ட பின்பக்கத்தையும், கதவுக் கைப்பிடியையும், முன் மூடியின் வளைவையும் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய அம்பாசிடரில் கியர்த் தண்டு தரையில் இராது, ஸ்டியறிங் தண்டோடு ஒட்டியிருக்கும். அதனால் முன் ஆசனம் ஒரே வாங்கு மாதிரி நீளமாக வரும், மூன்று பேர் இருக்கலாம். அப்பா வாகனம் ஓட்டத் தெரிந்தவர் என்றால் சிவாஜி பக்கம் என்பதையும் மறந்து இங்கே கொஞ்சம் நிற்பார்.

ஒரு முதலமைச்சர் பாவித்த வண்டி இவ்வளவுதானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அன்றைய இந்தியாவில் வெளிநாட்டுக் கார் இறக்குவது அவ்வளவு லேசில்லை. அமைச்சர்களும் செயலாளர்களும் எல்லாரும் அம்பாசிடரில்தான் போனார்கள்.

இரண்டாவது சிங்கம். 1969 இல் வந்த அடிமைப் பெண் படத்தில் எம்.ஜி.ஆர். சண்டை போட்ட சிங்கம், பெயர் ராஜா. செத்த பிறகு பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அம்மா இதைக் கண்டதும் தொட்டுப் பார்க்கக் கை நீட்டுவார், தடுக்க வேண்டும். பாடம் செய்த விலங்கில் மிஞ்சியிருப்பது தோலும் பிடரி மயிரும்தான். உள்ளே இருப்பது உருவம் கட்டிய சட்டகம், கண் பெரும்பாலும் கண்ணாடி. தோலைப் பதனிட்டு அந்தச் சட்டகத்தின் மேல் இழுத்துத் தைப்பார்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் அதற்கு மூன்று எதிரிகள். ஈரக் காற்று வந்து போக வந்து போகத் தோல் விரிந்து சுருங்கி, தையலிலும் மூக்கைச் சுற்றியும் உதட்டோரத்திலும் வெடிக்கும். வெளிச்சம் நிறத்தைத் தின்னும், வெயில் விழும் பக்கம் வெளிறிப் போகும். மூன்றாவது, மயிரையும் தோலையும் தின்னும் சின்ன வண்டின் புழு. கைபட்ட இடத்தில் எண்ணெய்யும் வியர்வையும் ஒட்டினால் அந்தப் புழுவுக்கு விருந்து. இத்தனை வருடம் அது நிற்பதே பெரிய காரியம். மூக்கையும் காது மடலையும் கிட்ட நின்று பாருங்கள், பாடம் செய்தவரின் கைவேலை அந்த இடங்களில்தான் தெரியும்.

மூன்றாவது தொப்பி, கறுப்புக் கண்ணாடி, உடுப்பு. வெள்ளைப் புசுபுசுத் தொப்பி அவருக்கு ஆரம்பத்தில் இருந்து இருந்த அடையாளம் இல்லை. அது பிந்தி வந்தது, 1970களில் நிலைத்தது. 1950களின் படங்களைப் பார்த்து வளர்ந்த அம்மாவின் எம்.ஜி.ஆர். சுருள் முடியோடு வாள் பிடித்தவர். இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பிந்திய எம்.ஜி.ஆர். மெரினாவில் அவரை அடக்கம் செய்தபோது தொப்பி, கண்ணாடி, கைக்கடிகாரத்தோடுதான் அடக்கம் செய்தார்கள். ஆகவே இங்கே இருப்பவை அவரிடம் இருந்த மற்றவை.

நான்காவது கேடயங்கள். இவற்றைப் பலரும் பளபளப்பை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எழுத்தைப் படியுங்கள். 100ஆம் நாள் என்றால் ஒரு கேடயம், 25 வாரம் அதாவது 175 நாள் ஓடினால் வெள்ளிவிழாக் கேடயம். ஒரு படம் எந்த ஊரில் எத்தனை நாள் நின்றது என்ற சரித்திரம் முழுக்க இந்தப் பித்தளைத் தகட்டில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில், மனோகராவிலும் வின்சரிலும் ராணியிலும் வெலிங்டனிலும், வரிசையில் நின்று ரிக்கற் எடுத்த அம்மாவுக்கு, ஒவ்வொரு படத்தின் பெயரை வாசித்துக் காட்டினாலே போதும், மிச்சத்தை அவர் சொல்லுவார். நாடோடி மன்னன் (1958) பெயரைத் தேடுங்கள். அவரே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த படம். ரிக்‌ஷாக்காரனுக்காக 1971ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. பாரத ரத்னா 1988 இல், இறந்த பிறகு.

படம் எடுக்கிற விசயம்: கைத்தொலைபேசியை வெளியே எடுக்க முன் வாசலில் இருப்பவரைக் கேளுங்கள். எடுக்கலாம் என்று விட்டால், கண்ணாடிப் பெட்டிக்கு நேரே நின்று எடுக்க வேண்டாம், உங்கள் முகமும் பின்னால் உள்ள யன்னலும்தான் விழும். சற்றுப் பக்கவாட்டில், சரிவாக நின்று, ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். மேல்மாடிக்குப் படி ஏற வேண்டும். முழங்கால் நோ உள்ளவர் என்றால் கீழ்த்தளத்தைச் சாவகாசமாக முடித்துவிட்டு, ஏறுவதா இல்லையா என்று அப்போது தீர்மானியுங்கள். மேலே போய்விட்டு வந்து களைத்த பிறகு கீழே பார்ப்பது வீண்.

இனி இராமாவரம் தோட்டம். "தோட்டம்" என்றதும் எங்களுக்கு வெங்காயமும் புகையிலையும்தான் ஞாபகம் வரும். இது அப்படியில்லை, பெரிய வளவோடு கூடிய வீடு, சென்னைக்காரர் அதைத் தோட்டம் என்கிறார்கள். மவுண்ட்–பூந்தமல்லி சாலையில், மணப்பாக்கத்தில், மியாட் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட. எம்.ஜி.ஆர். வாழ்ந்தது இங்கே, 1987 டிசம்பர் 24 அதிகாலை இறந்ததும் இங்கே. 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டது இந்த வீட்டில் வைத்துத்தான். காதோரம் பாய்ந்த குண்டு தொண்டையைத் தாக்கிக் குரலை மாற்றியது. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் படம் சுவரொட்டியாக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. ஒரு கூட்டத்துக்கும் போகாமல் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அம்மாவிடம் அந்தச் சூட்டுக்கு முந்திய படம் ஒன்றையும் பிந்திய படம் ஒன்றையும் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள், வசன உச்சரிப்பில் வித்தியாசம் பச்சையாகத் தெரியும்.

ஆனால் இராமாவரம் பொதுமக்கள் சுற்றிப் பார்ப்பதற்கென்று திறந்து வைத்த அருங்காட்சியகம் இல்லை. எம்.ஜி.ஆரின் உயிலிலேயே இரண்டுக்கும் வேறு வேறு வழி சொல்லப்பட்டது. தி.நகர் வீடு நினைவு இல்லமாக வேண்டும், இராமாவரத்தில் பேச்சும் செவிப்புலனும் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லமும் வர வேண்டும். தொண்டையில் குண்டு பாய்ந்தவர், 1984 இல் பக்கவாதத்தால் பேச்சு இன்னும் குழறிப்போனவர் எழுதி வைத்தது அது. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மாவின் சமாதியும் அந்த வளவுக்குள்தான். ஆகவே அங்கே போவதென்றால் முதலே பேசி அனுமதி எடுக்க வேண்டும். பள்ளி நாளில் படலையில் போய் நின்று "யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருக்கிறம், ஒருக்கா விடுங்கோ" என்றால் காவலாளி இரங்கி விடவும் கூடும், விடாமலும் விடக்கூடும். விட்டாலும் விடாவிட்டாலும் அவரோடு வாதாட வேண்டாம். உள்ளே போகக் கிடைத்தால் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். எதுவும் கொடுக்க விரும்பினால் இனிப்புப் பெட்டியைப் பிள்ளைகள் கையில் நேரே நீட்டாமல் அலுவலகத்தில் கேட்டுக் கொடுங்கள்.

இராமாவரத்துக்கென்று ஒரு நாளை ஒதுக்க வேண்டாம். அது விமான நிலையப் பக்கம்தான். திரும்பி வரும் நாளில் நேரம் இருந்தால் வழியில் நின்று பார்த்துவிட்டு வரலாம். மெட்ரோவில் வருவதாக இருந்தால் ஆலந்தூரில் இறங்கி ஓட்டோ. காலை, மாலை அலுவலக நேரத்தில் அந்தச் சாலை நகராது. அடையாறு கிட்டவே ஓடுவதால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மணப்பாக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. கடும் மழை நாளில் விமானத்துக்கு முன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

"மாளிகை" என்று அம்மா மனதில் வைத்திருப்பதற்குக் கிட்ட வரக்கூடியவை இரண்டு, இரண்டுக்குள்ளும் போக முடியாது. ஒன்று போயஸ் தோட்டத்தில் ஜெயலலிதாவின் வேதா நிலையம். அவருடைய தாய் சந்தியா 1967 இல் 1 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியது. காணி பத்து கிரவுண்ட். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, எங்கட ஒரு பரப்பு 2,722 சதுர அடி. அப்படிப் பார்த்தால் ஒன்பது பரப்புக்குக் கொஞ்சம் குறைய. கொக்குவிலில் ஒன்பது பரப்பு வளவு உள்ள வீடு இன்னமும் இருக்கும், ஆனால் சென்னை நடு நகரத்தில் அது வேறு கணக்கு. அரசு அதை எடுக்க 2020 இல் நீதிமன்றத்தில் கட்டிய இழப்பீடு ஏறக்குறைய 68 கோடி இந்திய ரூபாய். 2021 ஜனவரி 28 நினைவு இல்லமாகத் திறப்பு விழா நடந்தது. அந்தச் செய்தியைத்தான் இன்னும் பலர் பகிர்கிறார்கள், அதை நம்பித்தான் ஆட்கள் போகிறார்கள். அதே வருடம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்துச் செய்தது, டிசம்பரில் சாவி அண்ணன் பிள்ளைகள் கைக்குப் போனது. இப்போது அது தனியார் வீடு. தெருவில் நின்று மதிலைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மற்றது அப்பாவுக்கு: சிவாஜியின் அன்னை இல்லம். தி.நகரில், முன்பு தெற்கு போக் சாலை என்றிருந்து இப்போது செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்று பெயர் மாறிய தெருவில். அழகான வீடு, குடும்பத்தாருடைய வீடு. வெளியே எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். படலைக்குக் கிட்டப் போய் எட்டிப் பார்ப்பது, மணி அடிப்பது கூடாது. ஆற்காடு தெருவில் இருந்து ஓட்டோவில் சின்னத் தூரம், ஆகவே இரண்டையும் ஒரே காலையில் முடிக்கலாம். அப்பாவுக்கு அது போதாது என்றால் அடையாற்றில் சிவாஜி மணிமண்டபம் இருக்கிறது, 2017 அக்டோபர் 1 திறந்தது. முன்பு மெரினாச் சாலையில் நின்ற சிலையை அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் மணிமண்டபம் நிற்பது எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோ இருந்த இடத்துக்கு எதிரே. ஸ்டூடியோ இப்போது எம்.ஜி.ஆர்.–ஜானகி பெண்கள் கல்லூரி. வீட்டுக்குள்ளே ஐம்பது வருடமாக நடக்கும் சண்டையைத் தெருவின் இரண்டு பக்கமும் நின்று தொடரலாம்.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் வடவன்னூரில் எம்.ஜி.ஆர். குடும்பத்தின் பழைய வீட்டையும் திருத்தி 2019 இல் நினைவு இல்லமாக்கியிருக்கிறார்கள். நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17 பிறந்த பிள்ளை, தகப்பன் செத்த பிறகு போய்ச் சேர்ந்த பக்கம் அது. ஆனால் சென்னையில் இருந்து ஒரு இரவு ரயில் பயணம். மூன்று நாளுக்குள் அடங்காது.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னைக்கு நேரே பறப்பது ஒன்றேகால் மணித்தியாலம் அளவு. காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் மலிவாகத் தெரியும், ஆனால் இறங்கிய பிறகு சென்னைக்கு இன்னும் 300 கிலோமீற்றர் தரைவழி இருக்கிறது. 74 வயது அம்மாவை வைத்துக்கொண்டு மூன்று நாளில் அது சரிவராது. மாரிக் கடலில் சேவையை நிறுத்தியும் விடுவார்கள். விமானமும் சின்னது, கார்த்திகை மார்கழிக் காலநிலையில் பிந்தும். வந்திறங்கும் நாளில் நினைவு இல்லத்தை வைக்காமல் இரண்டாம் நாள் காலையில் வையுங்கள்.

விசா இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இணையத்தில் எடுக்கலாம். இந்திய அரசின் தளத்தில் மட்டும் போடுங்கள். தேடலில் மேலே வருகிற பல தளங்கள் இடைத்தரகர்கள், கட்டணத்தை இரண்டு மூன்று மடங்காக்குவார்கள். ஆகக் குறைந்தது நான்கு நாளுக்கு முன் போட வேண்டும், ஆனால் இரண்டு கிழமை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சிக்குவது கோப்பின் அளவில்: கடவுச்சீட்டுப் பக்கம் பி.டி.எஃப். ஆக 300 கே.பி.க்குள், படம் ஜே.பி.ஜி. ஆக 1 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் தளம் தள்ளிவிடும், காரணத்தையும் தெளிவாகச் சொல்லாது. இந்தியாவில் தெரிந்தவர் என்ற இடத்தில் ஹோட்டேல் முகவரியைக் கொடுக்கலாம். யாராவது 90களில் அங்கே அகதியாக இருந்து வந்தவர் என்றால் முந்திய பயணம் பற்றிய கேள்விக்கு மறைக்காமல் எழுதுங்கள், முடிந்தால் யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்தில் முதலே விசாரியுங்கள்.

காசு மாற்றும்போது 2,000 இந்திய ரூபாய்த் தாள் யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம். 2023 இல் அதைப் புழக்கத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள், கடையில் எடுக்க மாட்டார்கள். சென்னையில் தேநீர்க் கடை வரைக்கும் தொலைபேசியால் பணம் கட்டும் முறைதான். அது உங்களிடம் இராது. ஆகவே 50, 100 ரூபாய்த் தாளாகக் கொஞ்சம் தனியே வையுங்கள், ஓட்டோக்காரர் 500க்கு மிச்சம் இல்லை என்பார். ஓட்டோவில் மீற்றர் போடுவார்கள் என்று நம்பிக்கொண்டு இராமல், செயலியில் பதிந்து, கட்டணத்தைக் காசாகக் கொடுப்பதாகத் தெரிவு செய்யுங்கள். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்து மாம்பலத்தில் இறங்கினால் நேரே ரங்கநாதன் தெரு. மலிவு, ஆனால் பெட்டியோடும் அம்மாவோடும் அந்தச் சனத்துக்குள் இறங்க வேண்டாம். வந்திறங்கும் அன்று வாடகைக் கார், மற்ற நாள் ரயில்.

ஜனவரி 17 பிறந்த நாள், டிசம்பர் 24 நினைவு நாள். இரண்டு நாளும் கட்சிக்காரர் கூட்டம், மாலை, ஒலிபெருக்கி. சில ரசிகர்கள் வேண்டுமென்றே அந்த நாளில் போகிறார்கள், அது ஒரு திருவிழா. ஆனால் பொருட்களை நின்று பார்க்க முடியாது. பொங்கலை ஒட்டிய காணும் பொங்கல் அன்று மெரினாப் பக்கம் தலை காட்டவே வேண்டாம், நகரமே அங்கே நிற்கும்.

மெரினாவை எப்படியும் அம்மா கேட்பார். அண்ணா சமாதிக்குப் பக்கத்தில், ஒரே வளவுக்குள் எம்.ஜி.ஆர். நினைவிடமும் ஜெயலலிதா நினைவிடமும். காசில்லை. அடக்கம் செய்தபோது கட்டியிருந்த கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது, கல்லில் காது வைத்தால் டிக் டிக் கேட்கும் என்று ஒரு கதை கனகாலமாக நடக்கிறது. இத்தனை வருடம் ஓடும் கடிகாரம் எது என்று அப்பா கேட்பார். அம்மா கேட்கமாட்டார், குனிந்து காது வைப்பார், "கேக்குது" என்றும் சொல்லுவார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற இடம் அது, 11 மணிக்கெல்லாம் கல் சுடத் தொடங்கிவிடும். காலை 8 மணிக்கு முன் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு சோடி பழைய காலுறையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.